மஞ்சள் சைக்கிளுக்கு ஒரு ஃபோர்க்

அக்டோபர் 9

முன் ஃபோர்க் போய்விட்டது. சந்தேகமே இல்லை. சர்ச்சுக்குப் போகிறவர்கள் போகட்டும் என்று விட்டுவிட்டு, மஞ்சள் சைக்கிளை எடுத்துக்கொண்டு மேல் எஸ்டேட் பாதையில் ஏறி இறங்கினேன். இறக்கத்தில் ஹேண்டில்பாரின் வலது பக்கம் நடுங்குகிறது. கல் தட்டி வருகிற அதிர்வு வேறு, அது எனக்குத் தெரியும். பதினான்கு வருடமாக இந்தச் சைக்கிளில்தான் இந்த மலையை இறங்குகிறேன். இது உள்ளேயிருந்து வருகிற நடுக்கம். சஸ்பென்ஷன் ஃபோர்க் என்றால் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு கால்கள், அவற்றுக்குள் ஸ்பிரிங். வலது கால் தளர்ந்திருக்க வேண்டும்.

வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நின்று பார்த்தேன். அப்போதும் நடுக்கம் இருந்தது. அந்த நேரம் எஸ்தரும் மகள் ஷைனியும் சர்ச்சிலிருந்து வந்தார்கள்.

"என்னங்க அப்படிப் பாக்குறீங்க?" என்றாள் எஸ்தர்.

"ஃபோர்க் ஆடுது."

"நிக்கிற சைக்கிள் எப்படிங்க ஆடும்?"

ஸ்பிரிங் தளர்ந்தால் எப்படியெல்லாம் ஆடும் என்று விளக்கினேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் சொன்ன எதையும் அவள் இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை. கேட்கிற நேரமெல்லாம் சைக்கிளைப் பார்க்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 11

மழை. இலை முழுக்க ஈரம். ஃபாக்டரியில் இலை வாடுவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. டீ மேக்கர் என்று பெயர்தான் பெரிது. வானம் செய்கிற தப்புக்கெல்லாம் மேனேஜரிடம் பதில் சொல்வதுதான் வேலை.

ராத்திரிச் சாப்பாட்டில் ரசம் கொஞ்சம் சட்டையில் சிந்தியது. எஸ்தர் துடைத்துவிட வந்தாள். துடைத்துக்கொண்டே, "மாமாவுக்கும் மொதல்ல வலது கைதான..." என்று ஆரம்பித்தாள். நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

அப்பாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தவள் அவள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஊட்டிவிட்டதும் புரட்டிப் படுக்க வைத்ததும் அவள்தான். ஆனால் அப்பாவுக்கு வந்தது அப்பாவோடு போயிற்று. அந்த வியாதியின் பெயரை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று அடக்கத்தன்றைக்கே சொல்லிவிட்டேன். எனக்கு நாற்பத்தேழு வயது. இந்த வயதில் ஒரு மனிதன் நடுங்குவானா, தேய்ந்துபோன ஃபோர்க் நடுங்குமா? யோசிக்க வேண்டாமா?

அக்டோபர் 15

குன்னூர் மார்க்கெட்டில் நிஜாம் கடைக்குப் போனேன். கியர் சைக்கிளைப் பிரித்து உள்ளே பார்க்கத் தெரிந்தவன் நீலகிரியிலேயே அவன் ஒருவன்தான். அதை அவனே சொல்லிச் சொல்லி மற்றவர்களையும் நம்ப வைத்துவிட்டான். முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டினான். ஃபோர்க்கை அமுக்கி அமுக்கிப் பார்த்தான்.

"கொஞ்சம் பிளே இருக்குண்ணா, லேசா லூசாயிருக்கு. சீல் போயிருச்சு. மாத்தவேண்டிய ஃபோர்க்குதான், இல்லேங்கல. ஆனா நீங்க சொல்ற நடுக்கம் இதுல வராது."

"ஓட்டிப் பாத்தாத்தான தெரியும்."

"ஓட்டிட்டுத்தான் சொல்றேன். நீங்க டீ குடிக்கப் போனப்ப பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போயிட்டு வந்தேன்."

பஸ் ஸ்டாண்ட் ரோட்டில் ஓட்டி என்ன தெரியும்? மாற்றவேண்டிய ஃபோர்க் என்று அவன் வாயாலேயே வந்துவிட்டது. எனக்கு அது போதும்.

பிறகு இந்தச் சைக்கிளுக்கு எது பொருந்தும் என்று உட்கார்ந்து பேசினோம். மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன். சக்கரம் இருபத்தாறு அங்குலம். இப்போது வருகிறவை எல்லாம் இருபத்தேழரை, இருபத்தொன்பது. ஃபோர்க்கின் தலையிலிருந்து ஒரு குழாய் கிளம்பி, சட்டத்தின் கழுத்துக்குள் நுழைந்து, மேலே போய் ஹேண்டில்பாரைச் சேரும். என் சைக்கிளில் அந்தக் குழாய் அடி முதல் நுனி வரை ஒரே தடிமன், ஒன்றே அரைக்கால் அங்குலம். புதிய ஃபோர்க்குகளில் அடி பருத்து நுனி சிறுத்திருக்கிறது. என் சட்டத்துக்குள் நுழையவே நுழையாது. பிரேக்கும் பழைய மாதிரி, ரிம்மைப் பிடிக்கிற வகை. அதை மாட்ட ஃபோர்க்கின் கால்களில் இரண்டு குமிழ் வேண்டும். இப்போது குமிழ் வைத்து யாரும் செய்வதில்லை. அப்புறம் உயரம். நூறு மில்லிமீட்டர் அமுங்குகிற ஃபோர்க்குக்காகச் செய்த சட்டம் இது. நூற்றிருபது போட்டால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், வளைவில் சோம்பேறித்தனமாகத் திரும்பும், கழுத்து வெல்டிங் என்றைக்காவது விட்டுப்போகும்.

"இத்தனையும் பொருந்தி ஒண்ணு தேடறது, அறுவது வயசு மாப்பிள்ளைக்குப் பத்துப் பொருத்தம் பாத்துப் பொண்ணு தேடற மாதிரிண்ணா," என்றான் நிஜாம்.

"தேடுவோம்," என்றேன்.

அக்டோபர் 22

லீவு போட்டுவிட்டுக் கோயம்புத்தூர் போனேன். தீபாவளிக் கூட்டம். முதல் கடையில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய பையன் என் சைக்கிளின் போட்டோவைப் பார்த்துவிட்டு, செத்தவர் படத்தைப் பார்ப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டான்.

"எதுக்கு சார் இந்த வண்டிய வெச்சுட்டுக் கஷ்டப்படறீங்க? புதுசு எடுத்துருங்க சார்."

"எனக்குப் புதுசு வேண்டாம்ப்பா. இது சரியாகணும்."

என் குரல் வெளியே வரவில்லை போலிருக்கிறது. "என்ன சார்?" என்று இரண்டு தடவை கேட்டான். கடையில் அவ்வளவு சத்தம்.

இரண்டாவது கடையில் ஒன்று கிடைத்தது. சக்கரம் சரி, குழாய் சரி, உயரமும் சரி. குமிழ் மட்டும் இல்லை. டிஸ்க் பிரேக்குக்கு மாறிவிடுங்கள் என்றார்கள். மாறலாம். அதற்கு முன் சக்கரத்தின் நடுப்பகுதியை மாற்ற வேண்டும், லீவரை மாற்ற வேண்டும். ஒன்றை மாற்றினால் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள். அப்புறம் என் சைக்கிளில் என் சைக்கிள் எங்கே இருக்கும்?

திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்டக்டர் கொடுத்த சில்லறை கீழே சிதறியது. மேட்டுப்பாளையம் ரோட்டில் அவ்வளவு குலுக்கல். அவரே குனிந்து பொறுக்கி, "இருக்கட்டும் பெரியவரே, நானே போடறேன்" என்று என் சட்டைப் பையில் போட்டார். பெரியவராம்! அவருக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும்.

அக்டோபர் 30

ட்ரையரில் இலை கருகிவிட்டது. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அந்தப் பக்கம் சலிக்கிற இடத்திலிருந்து பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார்கள்.

"அய்யா, இந்தத் தீயல் வாடை உங்களுக்கு வரலீங்களா?" என்றாள் மாரக்கா.

ஜலதோஷம் என்றேன். மேனேஜர் வந்து கருகினதைக் கையில் அள்ளி என் மூக்குக்கு நேரே நீட்டினார். ஜலதோஷம் என்று அவரிடமும் சொன்னேன். பொய்யில்லை. ஆறு மாதமாக எனக்கு எந்த வாசமும் தெரிவதில்லை. இந்த மலைக்குளிரில் யாருக்குத்தான் மூக்கு அடைக்காமல் இருக்கிறது?

நவம்பர் 2

மளிகைச் சீட்டைக் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறதாம், படிக்க முடியவில்லையாம். பேனா மாற்ற வேண்டும்.

நவம்பர் 6

கிடைத்துவிட்டது! ஷைனிதான் தேடிப் பிடித்தாள். பிளஸ் ஒன் படிக்கிற பெண் பாடப் புத்தகத்தை எடுப்பாளோ இல்லையோ, போனில் தேடச் சொன்னால் பாதாளத்தில் இருப்பதையும் எடுத்துவிடுவாள். பெங்களூரில் ஒருவர் பழைய சைக்கிளைப் பிரித்து விற்கிறார். இருபத்தாறு அங்குலம், ஒரே தடிமனான குழாய், இரண்டு குமிழ், நூறு மில்லிமீட்டர். அதிகம் ஓடாதது. குழாய் இன்னும் என் அளவுக்கு வெட்டாமல் நீளமாக இருக்கிறது.

சும்மா நம்பிவிடவில்லை. அச்சு உட்காருமிடத்திலிருந்து ஃபோர்க்கின் தலை வரை டேப் வைத்து போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். கால்களில் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் காட்டச் சொன்னேன். எல்லாவற்றையும் ஷைனிதான் டைப் அடித்தாள். என் கட்டைவிரல் ஒரு எழுத்தை அழுத்தினால் மூன்று எழுத்து விழுகிறது.

"அப்பா, இது வந்துட்டா எல்லாம் சரியாயிருமா?" என்று கேட்டாள்.

"சரியாகாம?"

அவளே பணத்தை அனுப்பிவிட்டாள். எனக்குச் சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

நவம்பர் 13

பார்சல் நேற்று வந்தது. இன்று குழாயை வெட்டினேன்.

நிஜாம் கடைக்கே கொண்டு வரச் சொன்னான். ரம்பத்தைக் கோணாமல் பிடித்துக்கொள்கிற கட்டை ஒன்று அவனிடம் இருக்கிறது, அதில் வைத்தால் ஐந்து நிமிட வேலை என்றான். என் சைக்கிளை நானே வெட்டிக்கொள்கிறேன் என்றேன். ஃபாக்டரியில் ரோலர் ஷாஃப்ட்டையே வெட்டியவன் நான். ஒரு குழாய்க்காக அவன் கடையில் நாலு பேர் பார்க்க நிற்க வேண்டுமா?

பழைய ஃபோர்க்கைக் கழற்றி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து கோடு போட்டேன். அளவில் தப்பே இல்லை. ஒரு தரத்துக்கு மூன்று தரம் பார்த்தேன். வைஸில் மாட்டி அறுத்தேன். வெட்டு கொஞ்சம் சாய்ந்துவிட்டது. சாய்வை நேராக்க அதற்குக் கீழே இன்னொரு வெட்டுப் போட்டேன். அது மறுபக்கம் சாய்ந்தது. மறுபடியும் ஒன்று. பிளேடு மட்டமான பிளேடு, வைஸும் ஆடுகிறது. கடைசியில் அரம் போட்டு ராவி நேராக்கினேன். பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

எஸ்தர் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா சட்டைப் பொத்தான் போடுகிறபோது இப்படித்தான் நின்று பார்ப்பாள்.

குழாய் பன்னிரண்டு மில்லிமீட்டர் குறைந்துவிட்டது.

நவம்பர் 16

ஃபோர்க்கை மாட்டிவிட்டேன். பிரேக் கச்சிதமாக உட்கார்ந்தது. சக்கரமும் சரியாக நடுவில் இருக்கிறது. மஞ்சள் சைக்கிளுக்குப் பிறவியிலேயே வந்த ஃபோர்க் மாதிரி இருக்கிறது.

குழாய் குறைந்ததால் ஒரு சின்னச் சிக்கல். ஹேண்டில்பாரைக் குழாயோடு சேர்த்துப் பிடிக்கிற கிளாம்ப்புக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு போல்ட். கிளாம்ப்புக்கு அடியில் இருந்த வளையங்களையெல்லாம் எடுத்துவிட்டுக் கீழே இறக்கிப் பார்த்தேன். அப்படியும் குழாய் மேல் போல்ட் வரை எட்டவில்லை. கீழ் போல்ட் நன்றாகப் பிடிக்கிறது. அதை இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். குழாயின் மேல் மூடியைப் போட்டுவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. மெதுவாக ஓட்டினால் போதும். பிறகு வேறு கிளாம்ப் பார்த்துக்கொள்ளலாம்.

நவம்பர் 20

நடுங்குகிறது.

மேல் எஸ்டேட் பாதையில் பாதி தூரம்கூட இறங்கவில்லை. அதே வலது பக்கம், அதே நடுக்கம். இறங்கி நின்று ஒரு பாட்டம் சைக்கிளைத் திட்டினேன். பிறகு வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சக்கரம் கோணல் இல்லை. பேரிங் சுத்தம். டயரில் வீக்கம் இல்லை. ஃபோர்க்கில் மயிரிழை ஆட்டம்கூட இல்லை.

இல்லாமல் இருக்காது. எனக்குத்தான் தெரியவில்லை. உள்ளே ஏதாவது இருக்க வேண்டும்.

நவம்பர் 23

கோயம்புத்தூரில் நரம்பு டாக்டரிடம் எஸ்தர் என்னைக் கேட்காமல் நாள் குறித்து வைத்திருக்கிறாள்.

"வெறுமனே காட்டிட்டு வரலாங்க. ஒண்ணும் இல்லேன்னா சந்தோஷந்தான?"

"ஒண்ணும் இல்லேன்னு எனக்கே தெரியுது. அதுக்கு எதுக்கு டாக்டரு?"

"இப்பவே மாத்திரை ஆரம்பிச்சா நல்லா இருக்கலாமாம். மாமாவ நாம லேட்டாத்தான கூட்டிட்டுப் போனோம்..."

"எஸ்தர்!"

கத்திவிட்டேன். அவள் பயப்படவில்லை. பரிதாபமாகப் பார்த்தாள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பரிசோதிக்காத வரைக்கும் அது ஃபோர்க்காக இருக்க வழியிருக்கிறது. பரிசோதித்துவிட்டால் நான் அப்பாதான். அந்தக் கட்டில், அந்த ரப்பர் ஷீட், வாயோரத்தில் ஒழுகுகிற கஞ்சி. நான் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவள் போன் பண்ணி, குறித்த நாளை ரத்து செய்தாள்.

வேறு யாராவது இந்தச் சைக்கிளை அதே இறக்கத்தில் ஓட்டிப் பார்த்துச் சொன்னால் விஷயம் முடிந்துவிடும்.

நவம்பர் 28

ஷைனி விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், எஸ்தர் கூட இருக்கிறாள். துணி எடுக்க வந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது.

நவம்பர் 30

இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது. ஷைனிக்கு இடது காறை எலும்பு முறிந்திருக்கிறது. முன்பற்கள் இரண்டு போய்விட்டன. கீழ் உதட்டில் தையல். தலையில் அடி இல்லை என்று ஸ்கேன் பார்த்துச் சொல்லிவிட்டார்கள், கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் அவளைத்தான் கேட்டேன். "நீ ஒரு தரம் ஓட்டிப் பாத்து, ஆடுதான்னு சொல்லு."

"உங்க வண்டி எனக்குப் பெருசுப்பா."

"கீழ வளைவு வரைக்கும் போனாப் போதும்."

சரியென்று ஏறிக்கொண்டாள். நன்றாகத்தான் ஓட்டினாள். நான் மேலே நின்றேன். முதுகைப் பார்த்தால் தெரிந்துவிடுமா, தோள் அசைகிறதா என்று கண்ணை எடுக்காமல் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அப்போது ஜெபம் பண்ணினேன். ஆண்டவரே, அவள் கையிலும் ஆடட்டும், அவள் கையிலும் ஆடட்டும் என்று. வாய்விட்டே சொன்னேன்.

வளைவில் மறைந்தாள். சத்தம் கேட்டது. ஓடினேன். கல் கட்டிய கால்வாய்க்குள் கிடந்தாள். சைக்கிள் கொஞ்சம் தள்ளித் தேயிலைச் செடிமேல் கிடந்தது. வாயெல்லாம் ரத்தம். பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தேன்.

"ஆடுச்சா?" என்று கேட்டேன்.

என்னைப் பார்த்தாள். ரத்தத்தை விழுங்கிவிட்டு, "ஆடுச்சுப்பா" என்றாள்.

வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. எவ்வளவு நாளாயிற்று இப்படி மூச்சு விட்டு! அதற்குப் பிறகுதான் அவள் கை தொங்குவதைப் பார்த்தேன்.

ஆக, ஃபோர்க்தான். பெங்களூர்க்காரன் ஏமாற்றிவிட்டான். அவனிடம் பேச வேண்டும்.

டிசம்பர் 3

நேற்று ஷைனியை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். நிஜாம் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தான். அவளிடம் கொஞ்ச நேரம் கேலி பேசிவிட்டுப் பின்னால் ஷெட்டுக்குப் போனான். நானும் போனேன். மூடியைக் கழற்றிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"இந்தக் குழாய யாருண்ணா வெட்டுனது?"

"நான்தான்."

"மேல் போல்ட்டு வெறும் காத்தத்தான் புடிச்சிருக்கு. தெரிஞ்சேதான் மாட்டுனீங்களா?"

"கீழ் போல்ட்டு இறுக்கமா இருந்துச்சு. கோளாறு ஃபோர்க்குல நிஜாம். ஷைனியே சொன்னா, ஆடுச்சுன்னு."

அவன் ஃபோர்க்கைக் கழற்றி வெளியே எடுத்தான். தரையில் ஊன்றி அமுக்கினான். கால்களைப் பிடித்து முறுக்கிப் பார்த்தான்.

"அருமையான ஃபோர்க்குண்ணா இது. இது ஆடியிருக்காது. கிளாம்ப்பு வழுக்குற நிமிஷம் வரைக்கும் கல்லு மாதிரி நின்னிருக்கும். அப்புறம் ஒரேயடியா திரும்பிருக்கும், ஹேண்டில்பார் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம்."

மேசையில் நான் அறுத்துப் போட்ட துண்டுகள் கிடந்தன. அவற்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருந்தது. பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தான். எல்லாருக்கும் இதே வேலையாகிவிட்டது. கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"கடைய யார் பாக்கறா? நீ கெளம்பு," என்றேன்.

"கெளம்பறேன். கோவிச்சுக்காதீங்க. வேற யார் சைக்கிளையும் இனிமே நீங்க தொடாதீங்கண்ணா. அந்தக் கைய ஒருத்தர்கிட்டக் காட்டுங்க."

அவன் போன பிறகு ஷெட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். எஸ்தர் சாப்பிடக் கூப்பிட்டாள். பசியில்லை என்றேன்.

டிசம்பர் 5

இரண்டு நாளாகக் கேட்க நினைத்து இன்றுதான் கேட்டேன். எஸ்தர் மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். ஷைனி தலையணையில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டு போட்ட கையைத் துண்டில் தொட்டில் கட்டி மாட்டியிருந்தாள்.

"ஷைனி, அன்னிக்கு நெஜமாவே ஆடுச்சா?"

போனைக் கீழே வைத்தாள். பல் போனதிலிருந்து வார்த்தையெல்லாம் காற்றாக வருகிறது.

"இல்லப்பா."

"கொஞ்சம்கூட?"

"ஆடவே இல்ல. நல்லாத்தான் போச்சு. வளைவுல டக்குனு திரும்பிருச்சு."

"அப்ப ஏன் ஆடுச்சுன்னு சொன்ன?"

"நீங்க ஓடி வந்தப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன்ப்பா. ஆடலேன்னு சொன்னா நீங்க செத்தே போயிருவீங்க போல இருந்துச்சு" என்றாள்.

பல் தெறித்து, எலும்பு முறிந்து, கால்வாயில் கிடந்த பிள்ளை இதை யோசித்திருக்கிறாள். நான் அவளுக்கு அடிபட்டதா என்றுகூடக் கேட்கவில்லை. பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். இவ்வளவு கேவலமான மனிதனாக நான் என்றைக்கு ஆனேன் என்று தெரியவில்லை. அந்தப் போல்ட் பிடிக்கவில்லை என்று தெரிந்துதான் அவளை ஏறச் சொன்னேன். ஃபோர்க்கைக் குற்றவாளியாக்க என் பிள்ளையை இறக்கத்தில் தள்ளிவிட்டிருக்கிறேன்.

டிசம்பர் 6

டாக்டரிடம் மறுபடியும் நாள் கேட்கச் சொன்னேன். "கேட்டாச்சுங்க. திங்கக்கெழம," என்றாள் எஸ்தர்.

டிசம்பர் 12

நரம்பு டாக்டர் என்னைவிடச் சின்னவர், ஒரு அம்மா. ஷைனிக்கும் இன்று எலும்பு டாக்டரிடம் காட்ட வேண்டியிருந்ததால் மூன்று பேரும் ஒன்றாகத்தான் உள்ளே போனோம். நடக்கச் சொன்னார். திரும்பச் சொன்னார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சேர்த்துத் தட்டச் சொன்னார். இடது கை தட்டியது. வலது கை பாதியில் மறந்துபோனது மாதிரி நின்றுவிட்டது. ஒரு தாளில் பெயரையும் ஊரையும் எழுதச் சொன்னார். ஞானசீலன் என்று ஆரம்பித்தது குன்னூர் என்று முடிவதற்குள் கடுகளவு சிறுத்துவிட்டது.

"எவ்வளவு நாளா இருக்கு சார்?"

"அக்டோபர்லேர்ந்து," என்றேன்.

"ஒரு வருஷம் இருக்கும் டாக்டர்," என்றாள் எஸ்தர்.

"அதுக்கும் முன்னாலம்மா," என்றாள் ஷைனி. "நான் பத்தாவது சேந்தப்ப அப்பா ரேங்க் கார்டுல கையெழுத்துப் போட முடியாம என்னையே போட்டுக்கச் சொன்னாரு."

எனக்கு அது நினைவே இல்லை.

டாக்டர் எழுதிக்கொண்டே ஷைனியின் கட்டைப் பார்த்தார். "உனக்கு என்னம்மா ஆச்சு?"

"சைக்கிள்ல விழுந்துட்டேன் டாக்டர். வேகமா போயிட்டேன். என் தப்புதான்."

தயங்காமல் சொன்னாள். நான் எங்கே போனாலும் எனக்கு முன்னால் ஓடிப்போய்ப் பொய் சொல்லி வைக்க இந்தப் பிள்ளை பழகிக்கொண்டாள். இன்னும் எத்தனை வருடம் சொல்லுவாள்? அப்பாவுக்காக நாங்களும் இப்படித்தான் பொய் சொன்னோம், வருகிறவர் போகிறவரிடமெல்லாம்.

"அவ தப்பு இல்ல டாக்டர்," என்றேன். குரல் வரவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடியும் சொன்னேன். "அந்த சைக்கிள் குழாய வெட்டினது நான். இந்தக் கை வெட்டினது. மூணு தரம் கோணலா வெட்டிட்டு அதுல இவள ஏத்தி அனுப்பினேன். எங்கப்பாவுக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்கு. பார்க்கின்சன்."

டாக்டர் அந்தப் பெயரை இன்னும் சொல்லியிருக்கவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். தொடைக்கு அடியில் வைத்திருந்த வலது கையை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தேன். எல்லாரும் பார்க்கட்டும் என்று வைத்தேன். அது நடுங்கிக்கொண்டிருந்தது. எஸ்தர் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஷைனி எழுந்து வந்து, நன்றாக இருக்கிற கையால் என் கையைப் பிடித்து மேசையோடு சேர்த்து அழுத்தினாள். அவள் கையும் சேர்ந்து ஆடியது.